வெட்டு முடங்கும் நாளில் பெற்றோர் கூட்டம்

எனக்குக் கோபம் அதிகம். இதை நானே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் எங்கள் பள்ளியில் படித்த யாராவது சொல்லிவிடுவார்கள். குலசேகரம் பக்கத்தில் நேசபாய் டீச்சர் என்றால் கணக்குப் பாடத்துக்கு முன்னால் என் சத்தம்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அந்தச் சத்தத்தை நம்பித்தான் தலைமையாசிரியை சாரணியர் படையை என் தலையில் கட்டினார். இருபத்து நான்கு பெண்பிள்ளைகள், வாரத்தில் இரண்டு மாலை, நீலச் சீருடை, கழுத்தில் துணி, இடுப்பில் கயிறு, ஆளுக்கொரு விசில். ஏதோ ஒரு கூடுதல் வேலை என்று முணுமுணுத்துக்கொண்டு போனவள், ஆறே மாதத்தில் அந்த இரண்டு மாலைகளுக்காக மற்ற ஐந்து நாட்களைச் சகித்துக்கொள்ளும் நிலைக்கு வந்துவிட்டேன்.

2013 ஆகஸ்ட் தொடக்கத்தில் நாகர்கோவிலிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. ஒவ்வொரு படைக்கும் பெற்றோர் குழு ஒன்று வேண்டும். குறைந்தது பத்துக் குடும்பங்கள். மாவட்ட அமைப்பாளர் முன்னிலையில் கூட்டம் நடந்து, அங்கேயே கையெழுத்தான படிவம் முப்பத்தொன்றாம் தேதிக்குள் அவர் கையில் சேர வேண்டும். சேராவிட்டால் படையின் பதிவு புதுப்பிக்கப்படாது. பதிவு இல்லாத படையிலிருந்து மாநில விருது முகாமுக்கு யாரும் போக முடியாது.

எங்களிடம் ஆறு பேர் அந்த முகாமுக்குத் தயாராக இருந்தார்கள். அதில் மூத்தவள் சுனிதா, ஒன்பதாம் வகுப்பு, மல்லிகை அணியின் தலைவி. மூன்று வருடத்தில் ஒரு மாலைகூடத் தவறவிடாதவள். அடுத்த வருடம் பத்தாம் வகுப்பு; அப்புறம் முகாம் என்ற பேச்சை எந்த வீட்டிலும் எடுக்க முடியாது. இந்த வருடம் போனால் உண்டு, இல்லையென்றால் இல்லை. முகாம் சென்னைக்குப் பக்கத்தில். சுனிதா அதுவரை ரயிலில் ஏறியதில்லை.

"டீச்சர், ரயில்ல ஒறங்குனா கீழ விழுந்திருவமா?" என்று ஜூன் மாதமே கேட்டு வைத்திருந்தாள்.

"விழமாட்ட. நான் பக்கத்துல இருப்பேன்" என்று வாக்குக் கொடுத்திருந்தேன். சுற்றறிக்கைகள் வரும் என்பதை யோசித்துவிட்டு வாக்குக் கொடுத்திருக்க வேண்டும்.

பெற்றோரைத் திரட்டிய பிறகு அமைப்பாளரை அழைக்கலாம் என்று, முதல் கூட்டத்தை மூன்றாம் தேதி சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு வைத்தேன். விடுமுறை நாள், வெயில் தாழ்ந்த நேரம், இதைவிட வசதியாக எவரும் ஒரு கூட்டத்தை வைத்துவிட முடியாது என்பது என் எண்ணம். ஐம்பது நாற்காலி போட்டோம். ஐம்பது பேருக்கு வடையும் சாயாவும் சொன்னோம். பிள்ளைகள் வாசலில் இரண்டு வரிசையாக நின்று சல்யூட் அடிக்கத் தயாரானார்கள்.

ஒரே ஒருவர் வந்தார். படையிலிருந்த அபினாவின் அப்பா இஸ்ரவேல். இருபத்து நான்கு பிள்ளைகள் சல்யூட் அடித்ததைப் பார்த்து மிரண்டு, யாரோ பெரிய ஆள் பின்னால் வருகிறார் என்று ஒதுங்கி நின்றார். பின்பு முன்வரிசையில் உட்கார்ந்தார். நான் வரவேற்புரையைத் தொடங்கி மூன்றாவது வாக்கியத்துக்குப் போவதற்குள் தூங்கிவிட்டார். சும்மா கண்ணயர்வதல்ல, நல்ல குறட்டை. அபினா தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறியது. நான் பேச்சை நிறுத்தியதும் அவர் எழுந்து, "நல்லாருந்து டீச்சரே" என்று சொல்லி, இரண்டு வடையைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு போனார். மீதி வடையைப் பிள்ளைகள் தின்றார்கள்.

அடுத்த சனிக்கிழமை நான்கு மணிக்கு வைத்தேன். அன்றைக்கு இஸ்ரவேலும் வரவில்லை.

அன்று மாலை தக்கலையில் இருக்கும் என் வீட்டுக்குப் போகும் பஸ்ஸிலேயே ஒரு கடிதம் எழுதினேன். "பெற்ற பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று அறியும் அக்கறைகூட இல்லாத பெற்றோர்களுக்கு" என்று தொடங்கியது. அதற்குக் கீழே எழுதியதை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. திங்கட்கிழமை இருபத்து நான்கு பிரதி எடுத்து, பெற்றோர் கையெழுத்தோடு திரும்ப வர வேண்டும் என்று பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பினேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்த நேரத்தில் சுனிதாவின் அம்மா ரத்தினம் வந்தார். ரப்பர் தோட்டத்தில் வெட்டுவேலை, அதாவது மரப்பட்டையைக் கீறிப் பால் எடுக்கும் வேலை, செய்பவர். நைட்டிக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை. அதில் பால் சிந்திக் காய்ந்து கறுத்த தடங்கள். புளித்த ரப்பர் பாலின் வாடை ஆசிரியர் அறைக்குள் அவருக்கு முன்னால் வந்தது. கையில் என் கடிதம் நான்காக மடித்து இருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"டீச்சரே, இதுல எங்களுக்கு அக்கறை இல்லேன்னு எழுதியிருக்குன்னு மவ வாசிச்சா. ஒண்ணு கேக்கட்டா?"

"கேளுங்க."

"ஒங்கள ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு கூட்டத்துக்கு விளிச்சா வருவீங்களா?"

என் பதிலுக்குக் காத்திராமல் அவரே சொன்னார்.

"நாங்க மூணு மணிக்கு எந்திக்கணும். தலையில லைட்டக் கெட்டிட்டு முந்நூறு மரம் வெட்டணும். வெட்டி முடிச்சா பால் வடியும். பின்ன பாலெடுக்கணும், உறை ஊத்தணும், உறைஞ்சத ஷீட்டா அடிக்கணும். வீட்டுக்கு வந்து ரெண்டு வாய் கஞ்சி குடிச்சிட்டுக் கெடக்கும்ப ஒரு மணி, ஒன்னரை மணி ஆவும். நீங்க மூணு மணிக்குக் கூட்டம் வைக்குதீங்க. எங்களுக்கு அது நடுச்சாமம் ஆக்கும்."

தக்கலையில் பிறந்தவளுக்கு ரப்பர் தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். தெரியும், பஸ் ஜன்னல் வழியாக. பதினொரு வருடமாக அந்த மரங்களுக்கு நடுவே பஸ்ஸில் வந்து போயிருக்கிறேன். காலை எட்டரை மணிக்கு மரத்தில் பால் பிடிக்கும் சிரட்டை தொங்குவதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பாலுக்காக யார் எத்தனை மணிக்கு எழுந்தார்கள் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. இருபத்து நான்கு பிள்ளைகளில் இருபது பேர் வீட்டில் ரப்பர் வெட்டுதான் சோறு போடுகிறது. கணக்கு டீச்சருக்கு இந்தக் கணக்கு வரவில்லை.

அப்போதுதான் இஸ்ரவேலின் குறட்டை என் காதில் மறுபடியும் கேட்டது. அந்த மனிதர் தன்னுடைய நடுச்சாமத்தில் எழுந்து, சட்டை மாற்றி, மூன்று கிலோமீட்டர் நடந்து வந்திருக்கிறார். எல்லோரிலும் அவர் ஒருவர்தான் வந்தார். நான் அவர்மேல்தான் கோபப்பட்டேன். வெட்கமாக இருந்தது. ரத்தினத்தின் கையிலிருந்த கடிதத்தை வாங்கிக் கிழித்துக் குப்பையில் போட்டேன்.

"நீங்க எப்ப வர முடியும்னு சொல்லுங்க. அப்ப வைக்கிறேன்."

ரத்தினம் கொஞ்சம் யோசித்தார். "வெளுப்புக்கு மழை பெஞ்சா வெட்டு முடங்கும். மரம் நனைஞ்சா கத்தி வைக்க முடியாது. மழைக்கு மரத்துல பிளாஸ்டிக் கெட்டுத தோட்டம் உண்டு. எங்க தோட்டக்காரருக்கு அதுக்கெல்லாம் மனசு வராது. மழை பெஞ்சா அன்னைக்கு எல்லாரும் சும்மாதான் இருப்போம்."

இப்படித்தான் எங்கள் பள்ளியின் வரலாற்றிலேயே விசித்திரமான அறிவிப்பு பிள்ளைகளின் கையில் வீடுகளுக்குப் போனது. 'அதிகாலையில் மழை பெய்து வெட்டு முடங்கும் முதல் நாளில், காலை ஒன்பது மணிக்குப் பெற்றோர் கூட்டம் நடைபெறும்.' தலைமையாசிரியை அதை இரண்டு முறை வாசித்துவிட்டு, தேதி போட வேண்டிய இடத்தைத் தேடினார். மாவட்ட அமைப்பாளர் மரியஜான் சாரிடம் போனில் சொன்னேன்.

"டீச்சர், எந்தத் தேதி?"

"மழை பெய்யுற தேதி சார்."

அறிவிப்பை முழுதாக வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பின்பு சிரித்தார். அவர் கடற்கரைக்காரர். "எங்க ஊர்ல ஞாயித்துக்கிழமை மட்டும் கடலுக்குப் போவமாட்டாவ. என்ன கூட்டம்னாலும் அன்னைக்குத்தான். ஒங்களுக்கு மழையா? சரி, பெஞ்ச ஒடன விளியுங்க. மொத பஸ்ஸுல வாறேன்."

அதற்குப் பிறகு மழை பெய்யவில்லை.

குலசேகரத்தில் மழை இல்லை என்று நான் சொன்னால் இந்த மாவட்டத்துக்காரர்கள் நம்பமாட்டார்கள். பதினொரு வருடத்தில் ஏழு குடை பறிகொடுத்தவள் நான். ஈரப் புடவையோடு வகுப்பெடுக்காத வருடம் இல்லை. மழையைத் திட்டியே பழகிய வாய். இப்போது காலையில் கண் விழித்ததும் முதல் வேலையாக முற்றத்தில் வந்து வானத்தைப் பார்த்தேன். பிரார்த்தனைக் கூட்டத்தில் பிள்ளைகள் கண்ணை மூடியிருக்கும்போது எனக்கு என்ன வேண்டும் என்பது ஆண்டவருக்குத் தெரிந்திருக்கும். ஒருநாள் மத்தியானம் இரண்டு மணிக்கு நல்ல மழை பெய்தது. மொத்தப் பள்ளியும் சந்தோஷப்பட்டது. நானும் சுனிதாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இரண்டு மணி மழையால் எங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

இருபத்தாறாம் தேதி விடிகாலை ஐந்தரைக்கு ஓட்டின்மேல் சடசடவென்று சத்தம் கேட்டது. தூக்கத்திலிருந்து துள்ளி எழுந்தேன். முற்றத்தில் தண்ணீர் ஓடியது. நின்ற இடத்திலிருந்தே மரியஜான் சாரை அழைத்தேன். தலைமையாசிரியையை அழைத்தேன். வடைக்குச் சொன்னேன். நனைந்துகொண்டே பஸ் பிடித்தேன். பாதி வழி வரைக்கும் கண்ணாடியில் மழை அடித்தது. அப்புறம் சாலை காய்ந்து கிடந்தது. குலசேகரம் போய் இறங்கியபோது சுள்ளென்று வெயில். மழை பெய்தது தக்கலையில் மட்டும்.

அடுத்த பஸ்ஸில் மரியஜான் சார் வந்து இறங்கினார். காக்கிச் சீருடை, அகன்ற விளிம்புத் தொப்பி, கையில் நனைந்த குடை. வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பெற்றோர்கள் எல்லோரும் தோட்டத்தில் பாலெடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் திட்டவில்லை, திட்டியிருந்தால் எனக்குப் பழகிய விஷயம். வடையைத் தின்று, சாயாவைக் குடித்து, "முப்பத்தொண்ணாந் தேதி காலையில வருவேன் டீச்சர். மழை பெஞ்சாலும் வருவேன், பெய்யாட்டியும் வருவேன். அதுக்கு மேல எனக்கக் கையில ஒண்ணும் இல்ல" என்றார்.

முப்பதாம் தேதி வெள்ளிக்கிழமை மாலை. வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. படையைக் கூட்டி உட்கார வைத்தேன். நாளைக்கு மழை வராவிட்டால் முகாம் இல்லை, அதன் பிறகு படையும் இல்லாமல் போகலாம் என்று சொன்னேன். எனக்குக் கோபப்பட யாரும் கிடைக்கவில்லை. சுனிதா தன் கயிற்றில் ஒரு முடிச்சைப் போடுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். பிறகு கையைத் தூக்கினாள்.

"டீச்சர், பால் வடியுத நேரம் ஒண்ணு உண்டு."

"அதுக்கென்ன?"

"வெட்டி முடிச்சா ஒன்னர மணிக்கூறு பால் வடியணும். அதுவர ஒரு வேலையும் இல்ல. சனிக்கெழம நான்தான் அம்மைக்குக் கஞ்சி கொண்டு போவேன். எல்லாரும் மரத்துக்க மூட்டுல இருந்து கத பேசிட்டு இருப்பாவ. ஸ்கூலுக்கு வந்துட்டுத் திரும்பிப் போவதுக்கு நேரம் பத்தாது. நாம அங்க போனா பத்தும்."

ஐம்பது நாற்காலி, கரும்பலகை, வரவேற்புப் பலகை எல்லாம் பள்ளிக்கூடத்தில்தான் இருந்தன. அதனால் கூட்டமும் பள்ளிக்கூடத்தில்தான் நடக்க வேண்டும் என்று நான் நினைத்திருந்தேன். ரத்தினமும் அப்படித்தான் நினைத்திருந்தார். கூட்டத்துக்குக் கால் உண்டு, அது நடந்து போகும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

"ஏட்டி, இத ஏன் மின்னமே சொல்லல்ல?" என்று கேட்டேன். எனக்கே தெரியாமல் நானும் அந்த ஊர்ப் பேச்சில் கேட்டிருந்தேன்.

"நீங்க கோவமா இருந்தீங்க" என்றாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்குத் ரத்தினம் வெட்டும் தோட்டத்தில், ஷீட் அடிக்கும் கொட்டகையான புரைக்கு முன்னால் இருபத்து நான்கு நீலச் சீருடைகள் வரிசையாக நின்றன. மூங்கில் கம்பில் கொடி ஏறியது. மேலே சரிவு முழுக்க ரப்பர் மரங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சிரட்டை. ஒவ்வொரு சிரட்டையிலும் வெள்ளையாகப் பால் சொட்டிக்கொண்டிருந்தது. பதின்மூன்று குடும்பத்திலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். வந்திருந்தார்கள் என்பது தவறு. அவர்கள் இருந்த இடத்துக்கு நாங்கள்தான் வந்திருந்தோம். வேரில் உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் தின்றார்கள். எனக்கும் ஒரு வாழையிலைத் துண்டில் வந்தது. மரியஜான் சார் குழம்பை ருசி பார்த்து, "சாளையா? நேத்துள்ளதாக்கும்" என்று கடற்கரைத் தீர்ப்புச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். கூட்டம் நல்லபடியாக நடக்கும் என்று எனக்கு நம்பிக்கை வந்தது.

மரியஜான் சார் எழுந்து பேசினார். பேச்சு அச்சடித்தது மாதிரி இருந்தது. குழந்தைகளின் ஆளுமை வளர்ச்சி, பெற்றோரின் பங்கேற்பு, நாட்டின் எதிர்காலம். முடிந்ததும் இஸ்ரவேல் மெல்லக் கையைத் தூக்கினார். இந்த முறை தூங்கவில்லை.

"சாரே, பங்கேற்பு பங்கேற்புன்னு சொன்னீங்க. அப்பிடின்னா நாங்க என்ன செய்யணும்?"

"பிள்ளைகள் செய்யுறதுல நீங்களும் கூட நிக்கணும். முகாமுக்கு ஒருத்தரு கூடப் போணும். மாசத்துல ஒருநாள் வந்து பாக்கணும்."

இஸ்ரவேல் தலையை ஆட்டினார். "தப்பா நெனைக்கப்பிடாது. இதுவள் வாரத்துல ரெண்டு நாள் கயிறு கெட்டுது, விசில் ஊதுது, பாட்டுப் படிக்குது. நல்லதுதான். எனக்க மவ இந்த மூணு வருசத்துல எங்க வேலையில ஒருநாள் கூட நின்னதில்ல. நிக்கவும் வேண்டாம், அது படிக்கட்டும். ஆனா அதுவளுக்க வெளையாட்டுல நாங்க ஒறக்கத்தக் களஞ்சிட்டு நிக்கணும்னு சொன்னா, எதுக்குன்னு ஒண்ணு சொல்லுங்க. பின்ன அந்தத் தாள்ல ஒப்பிடுதேன்."

பலர் தலையாட்டினார்கள். ரத்தினம்கூடத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேள்வி நியாயமானதுதான். அதனாலேயே எனக்குக் கோபம் வந்தது. விளையாட்டு என்றா சொன்னீர்கள் என்று கேட்க எழுந்தேன். வாயைத் திறந்தபோது என் மூக்கின்மேல் ஒரு பெரிய துளி விழுந்தது.

இரண்டு வாரமாக நான் மன்றாடிக் கேட்ட மழை.

எனக்கு அது என்னவென்று புரிவதற்குள் பெற்றோர்கள் எழுந்து ஓடிவிட்டார்கள். இலையும் மரச்சீனியும் கிடந்த இடத்திலேயே கிடந்தன. வெட்டுவதற்கு முன்னால் பெய்யும் மழை அவர்களுக்கு விடுமுறை. வெட்டிய பிறகு பெய்யும் மழை கொள்ளைக்காரன். மரத்தில் வழிந்து வரும் தண்ணீர் சிரட்டையில் விழுந்தால் பால் பொங்கி வழிந்து மண்ணோடு போகும். விடிகாலை மூன்று மணியிலிருந்து அவர்கள் செய்த வேலை முழுவதும் அந்தச் சிரட்டைகளில் இருந்தது. பதின்மூன்று பேர், நாலாயிரம் மரம்.

என் காதுக்குப் பக்கத்தில் விசில் கேட்டது. சிறு சிறு ஊதலாக, விட்டு விட்டு, ஓடி வா என்ற அழைப்பு. ஊதியது நான் இல்லை, சுனிதா. மற்ற மூன்று அணித் தலைவிகளும் அவள் முன்னால் வந்து நின்றார்கள்.

"மல்லிகை எனக்க கூட மேலத்தட்டு. தாமரை நடுத்தட்டு. ரோஜா கீழ. செம்பருத்தி பாத்திரம் எடுத்திட்டு வாங்க, எது கெடச்சாலும். சிரட்டையச் சாச்சு ஊத்திட்டு மரத்துல கவுத்துப் போடணும், கேட்டியளா?"

பத்து நொடியில் புரை முற்றம் காலி. புரையிலிருந்து வாளிகள் போயின. எங்கள் சாயாப் பாத்திரம் போனது. கை கழுவ வைத்திருந்த குடம் போனது. நான் எதற்கு நிற்கிறேன் என்று என் சாப்பாட்டுத் தூக்குவாளியைக் கவிழ்த்துவிட்டு ஓடினேன். நாற்பத்து நான்கு வயதில் புடவையோடு ஒரு மலைச்சரிவில் ஓடினேன். இரண்டு தடவை விழுந்தேன். ஒரு தடவை விழும்போது, கையிலிருந்த பால் சிந்தாமல் பிடித்தேன். அதில் எனக்கு இன்றைக்கும் பெருமை உண்டு. மரியஜான் சார் ஒரு வாளியோடு எனக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தார். வாளி நிறைந்ததும் தொப்பியைக் கழற்றினார், ஒரு கணம் அதைப் பார்த்தார், பிறகு சிரட்டைப் பாலை அதில் ஊற்றினார்.

மேலத்தட்டிலிருந்து கீழே வரும் பாதை வழுக்கியது. பால் நிறைந்த பெரிய கேனை ஒரு ஆளால் கொண்டுவர முடியவில்லை. இஸ்ரவேல் அதைத் தோளில் ஏற்றப் பார்த்துச் சறுக்கினார். அப்போது அபினா கொடிக்கம்பு மூங்கிலைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இடுப்புக் கயிற்றை அவிழ்த்துக் கேனின் கழுத்தில் ஒரு சுற்று, பிடியில் ஒரு சுற்று, மூங்கிலில் இரண்டு சுற்று. இழுத்துப் பார்த்தாள். நான்கு பிள்ளைகள் மூங்கிலைத் தோளில் வைத்து, ஒரே அடியாகக் கால் வைத்து இறங்கினார்கள். கேன் அசையவில்லை. இஸ்ரவேல் மழையில் நின்று அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "மக்களே, இன்னொரு கேன் இருக்கு" என்று பின்னால் ஓடினார்.

முக்கால் மணி நேரம். எல்லாப் பாலும் மிஞ்சவில்லை. கீழ்த்தட்டின் ஓரத்தில் சில வரிசை போய்விட்டது. அங்கே தரையில் மழைநீர் வெள்ளையாக ஓடியது. மற்றதெல்லாம் புரைக்குள் பாத்திரங்களில் வந்து சேர்ந்துவிட்டது. வாளி, குடம், சாயாப் பாத்திரம், என் தூக்குவாளி, ஒரு தொப்பி. நாற்பது பேர் தலைமுதல் கால்வரை நனைந்து அந்தச் சின்னப் புரைக்குள் நெருக்கியடித்து நின்றோம். அபினா நடுங்கிக்கொண்டிருந்தாள். இஸ்ரவேல் தன் தோளில் கிடந்த தோர்த்தைப் பிழிந்து மகளின் தலையைத் துடைத்தார்.

"டீச்சரே, அந்தத் தாள எடுங்க" என்றார்.

படிவத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தேன். அது மட்டும்தான் நனையவில்லை. இஸ்ரவேல் முதலில் கையெழுத்துப் போட்டார். கையில் பால், பேனா வழுக்கியது, தாளில் விரல் ஐந்தும் பதிந்தன. அவருக்குப் பின் ரத்தினம். அவருக்குப் பின் எல்லோரும். பதின்மூன்று கையெழுத்து, அதைவிட அதிகமாகக் கைரேகை. மரியஜான் சார் அதை வாங்கி மடித்தபோது பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. "ஆபீஸ்ல இதப் பிரிச்சு எடுக்கணும்னா வெந்நியில போடணும்" என்றார். அவருடைய தொப்பிக்குள் பால் உறைந்து இன்னொரு தொப்பி உருவாகியிருந்தது. அதைப் பத்திரமாக உரித்து எடுத்து ரத்தினம் கழிவாக விற்கும் ஒட்டுப்பாலோடு போட்டார்.

"எதுக்குன்னு கேட்டீங்களே" என்று இஸ்ரவேலிடம் சொன்னேன். வாய் சும்மா இருக்குமா.

"கேட்டேன். டீச்சர் கோவத்துல பதில் சொல்ல எந்திச்சீங்க. மழை வந்து காப்பாத்திச்சு" என்றார். புரையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அக்டோபர் முதல் வாரத்தில் முகாம். பெற்றோர் குழுவிலிருந்து ஒருவர் கூட வர வேண்டும். ரத்தினம் வருவதாக முடிவானது. ஐந்து நாள் வெட்டை விட்டுவிட்டு வந்தால் தோட்டக்காரர் வேறு ஆள் போட்டுவிடுவார் என்று அவர் தயங்கியபோது, மற்றவர்கள் அவருடைய முந்நூறு மரத்தையும் பங்கிட்டுக்கொண்டார்கள். இஸ்ரவேல் நூறு மரம் எடுத்துக்கொண்டார். அபினாவும் அந்த ஆறு பேரில் ஒருத்தி.

குழித்துறை ரயில் நிலையத்துக்கு மாலை நான்கு மணிக்கே போய்ச் சேர்ந்தோம். வண்டிக்கு இன்னும் நேரம் இருந்தது. நான் பிள்ளைகளின் பைகளை எண்ணிவிட்டு நிமிர்ந்தபோது நடைமேடையில் பதின்மூன்று குடும்பமும் நின்றது. கைக்குழந்தை வரைக்கும் வந்திருந்தார்கள். வாழைக்காய் உப்பேரி, அச்சப்பம், ஊறுகாய் என்று ஐந்து நாளைக்கு ஐந்து மாதத்துக்கானது வந்திருந்தது. அவர்களுடைய நடுச்சாமத்தில் அத்தனை பேரும் விழித்துக்கொண்டு நின்றார்கள். எனக்குக் கண் கலங்கியது. மறைப்பதற்காக ஒரு பிள்ளையை ஷூ நாடா கட்டவில்லை என்று திட்டினேன்.

இஸ்ரவேல் மட்டும் நிற்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே தூங்கியிருந்தார். விடிகாலையில் தன் மரங்களை வெட்டி, புதிதாக எடுத்துக்கொண்ட நூறு மரத்தையும் பழகிப் பார்க்கிறேன் என்று வெட்டியிருக்கிறார். அதே குறட்டை. மேற்கு வெயில் நேராக அவர் முகத்தில் அடித்தது. நான் என் எட்டாவது குடையை விரித்து, வெயிலை மறைத்துப் பக்கத்தில் நின்றேன். யாரோ சத்தமாகச் சிரித்தபோது, பைய, பைய என்று கை காட்டினேன்.

வண்டி வந்தது. பிள்ளைகள் ஏறினார்கள். சுனிதா மேல் படுக்கையைத் தொட்டுப் பார்த்து, கீழே எவ்வளவு தூரம் என்று எட்டிப் பார்த்து, என்னைப் பார்த்துச் சிரித்தாள். ரத்தினம் ஜன்னலோரம் உட்கார்ந்து கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வண்டி இன்னும் நகரவே இல்லை. நான் குடையை இஸ்ரவேலின் மனைவியிடம் கொடுத்துவிட்டு ஏறினேன். அவரை எழுப்ப எனக்கு மனம் வரவில்லை.

அபினா வாசலில் நின்று அப்பாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். சரி என்று தலையசைத்தேன். கழுத்திலிருந்த விசிலை எடுத்து ஊதினாள். சிறு சிறு ஊதலாக, விட்டு விட்டு.

இஸ்ரவேல் துள்ளி எழுந்தார். கண் முழுதாகத் திறக்கவில்லை. கையை நீட்டி வானத்தைப் பார்த்து, "மழையா?" என்றார்.

"இல்லப்பா, ரயிலு" என்றாள் அபினா.

வண்டி நகரத் தொடங்கியது. அவர் கூடவே ஓடி வந்து, மகளின் கையைத் தொட்டார். "போயிட்டு வா மக்களே. நான் ஒறங்கல்ல, சும்மா கண்ண மூடியிருந்தேன்" என்றார்.

"எனக்குத் தெரியும்" என்று நான் வாசலிலிருந்து சொன்னேன்.